அஸ்பாரகஸ் வேறு, தண்ணீர்விட்டான் வேறு

அஸ்பாரகஸ் சாப்பிட்டால் தாய்ப்பால் பெருகும், உடல் சூடு தணியும் என்று தமிழில் பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதெல்லாம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் குணங்கள். சூப்பர் மார்க்கெட்டில் கட்டாகக் கட்டி விற்கும் பச்சைத் தண்டு வேறு செடி. இரண்டும் ஒரே பேரினம்தான். கடையில் கிடைப்பது அஸ்பாரகஸ் அஃபிஸினாலிஸ், அதில் நாம் தின்பது மண்ணைத் துளைத்து மேலே வரும் இளங்குருத்து. தண்ணீர்விட்டான் அஸ்பாரகஸ் ரேஸிமோசஸ், அதில் மருந்தாவது வேர்க்கிழங்கு. இலங்கையில் சாத்தாவாரி என்பதும் இதுதான், அங்கே இதன் இலையைக் கஞ்சியிலும் சேர்ப்பார்கள். ஒன்றின் பலனை இன்னொன்றின் தலையில் ஏற்றக்கூடாது. எச்சரிக்கைகளும் தனித்தனிதான்.

முதலில் தண்டு. வேகவைத்த 100 கிராமில் சுமார் 22 கலோரி, 2 கிராம் நார்ச்சத்து, 2 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 150 மைக்ரோகிராம் அளவுக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் (மாத்திரையில் இதுவே ஃபோலிக் அமிலமாக வரும்), 50 மைக்ரோகிராம் வைட்டமின் கே. இதில் உண்மையாகவே பெரிய விஷயம் ஃபோலேட்தான். கருவில் வளரும் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் கருத்தரித்த முதல் நாலு வாரத்துக்குள், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில், உருவாகிவிடுகிறது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். அஸ்பாரகஸ் அதற்குத் துணை, மாற்று இல்லை. இதைச் சாப்பிடுகிறேன் என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது. விலை கட்டுப்படியாகாதவர்கள் வருத்தப்படவும் வேண்டாம். கீரை, வெண்டைக்காய், பயறு வகைகளிலும் ஃபோலேட் உண்டு.

வாட்ஸ்அப்பில் இரண்டு எதிரெதிரான செய்திகள் சுற்றுகின்றன. அரைத்த அஸ்பாரகஸ் விழுதைக் காலையும் மாலையும் நாலு மேசைக்கரண்டி சாப்பிட்டால் புற்றுநோய் குணமாகும் என்பது ஒன்று. அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் ஆபத்து. இன்னொன்று, இதிலுள்ள அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலம் புற்றுநோயைப் பரப்பும் என்பது. 2018இல் எலிகளில் நடந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பிய பயம் அது. அஸ்பாரஜின் 1806இல் இந்தச் செடியின் சாற்றிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, பெயரும் அப்படி வந்தது. ஆனால் முட்டை, பால், பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் அது இருக்கிறது, நம் உடலே அதைத் தயாரிக்கவும் செய்கிறது. இந்த ஒரு காயை மட்டும் ஒதுக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் சிறுநீரில் ஒரு கந்தக வாடை வரும். முதல்முறை சாப்பிடுபவர்கள் சிறுநீரகத்துக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறுவார்கள். தண்டிலுள்ள அஸ்பாரகஸிக் அமிலம் உடலில் சிதைந்து ஆவியாகும் கந்தகச் சேர்மங்களாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். சிலருக்கு மரபணு காரணமாக அந்த வாடை மூக்குக்கே எட்டாது. இரண்டுமே நோயில்லை.

வாங்கும்போது நுனியைப் பாருங்கள். மொட்டு இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். விரிந்திருந்தாலும், தொட்டால் பிசுபிசுத்தாலும் வேண்டாம். கட்டை லேசாக அமுக்கினால் தண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சென்று சத்தம் வருவது புதிது. தடிமனான தண்டு முற்றியது என்று நினைக்க வேண்டாம், தடித்ததிலும் மென்மையானது உண்டு. முற்றல் அடியிலிருந்துதான் ஏறும். பறித்த பிறகும் வேகமாகச் சுவாசிக்கும் காய் இது. வெளியே கிடந்தால் இனிப்பு குறைந்துகொண்டே போய் நார் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் அடியில் ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாலு நாள் தாங்கும். கழுவி வைத்தால் நுனியில் ஈரம் தங்கி அழுகும், சமைக்கும் முன் கழுவினால் போதும்.

அடித்தண்டைக் கையால் ஒடித்து எறிவதில் நல்ல பகுதியும் போய்விடுகிறது. வெளுத்த கட்டையை மட்டும் வெட்டிவிட்டு, கீழ் மூன்றில் ஒரு பங்கின் தோலைப் பீலரால் சீவினால் உள்ளே பளபளவென்று இளம்பச்சையாக, சாறோடு இருக்கும். பொரியலுக்கு 250 கிராம் எடுத்து மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாகச் சாய்வாக நறுக்கி, தாளிப்பில் முதலில் தண்டை இரண்டு மூன்று நிமிடம் வதக்கி, பிறகு நுனிகளைப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். தேங்காய்த்துருவல் தூவி இறக்கிவிடலாம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஃபோலேட்டும் வைட்டமின் சியும் தண்ணீரோடு போய்விடும். எலுமிச்சையை இறக்கிய பிறகே பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது புளிப்பு பட்டால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் வெளியேறி நிறம் மங்கிப் பாசிபோல் ஆகிவிடும்.

யார் கவனிக்க வேண்டும்? ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள். வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். பாலக்கீரையில் இதைப்போல் ஒன்பது பத்து மடங்கு இருப்பதால் அஸ்பாரகஸை அறவே விடத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் அளவைத் திடீரென்று கூட்டிக் குறைப்பதுதான் ரத்தப் பரிசோதனை அளவைக் குலைக்கும். குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கு இதிலுள்ள ஃப்ரக்டான் என்ற எளிதில் செரிக்காத மாவுச்சத்து வாயுவும் உப்புசமும் தரும், இரண்டு தண்டில் ஆரம்பித்துப் பார்க்கலாம். வெங்காயம், பூண்டு ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். வேகவைக்காத தண்டைக் கையாண்டாலே சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும்.

எண்ணெயில் ஊறவைத்துப் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கவே வைக்காதீர்கள். இது புளிப்பில்லாத காய். காற்றுப் புகாத இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கும். அதன் வித்துகள் 100 டிகிரி கொதியில் சாகாது. பார்வைக்கும் முகர்வுக்கும் பாட்டில் நன்றாகவே இருக்கும். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது என்று ஏதாவது தொடங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சேமிக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, ஈரம் துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். செடி வளர்ப்பவர்கள் அதன் சிவப்புப் பழங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் அஸ்பாரகஸ் பெரணியின் பழமும் அப்படித்தான்.

இனி தண்ணீர்விட்டான். கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதன் பொடியையோ லேகியத்தையோ தொட வேண்டாம். கிழங்கைத் தாங்களே தோண்டி எடுப்பவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தண்ணீர்விட்டான் முள் உள்ள கொடி, இலை ஊசி ஊசியாக இருக்கும். அடியில் விரல்விரலாகக் கொத்துக் கிழங்கு, தோலை உரித்தால் வெண்மை, நடுவில் உருவி எடுக்கக்கூடிய ஒரு நரம்பு. அதே வேலியில் செங்காந்தளும் படர்ந்திருக்கலாம். கார்த்திகைப்பூ, கண்வலிக் கிழங்கு என்றெல்லாம் சொல்வது அதைத்தான். அதன் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும், கிழங்கு கலப்பை போல வளைந்து இரண்டு கிளையாகப் பிரியும். அதில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. தின்ற சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நடுவில் சற்றுத் தேறியதுபோல் தெரிந்து, அடுத்தடுத்த நாட்களில் உறுப்புகள் பழுதாகலாம். வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல், மிச்சக் கிழங்கையும் கொடியில் ஒரு துண்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.