டர்பனில் நான் எந்த இனம்?

ஜூலை 3, 2024, புதன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் என் அலுவலகத்தில் ஒரு படிவம் வந்தது. இனத்தைக் குறிக்க வேண்டும்: ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தவர்), இந்தியர், வெள்ளையர். 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்படி, நிறுவனங்கள் இந்தக் கணக்கை அரசுக்குக் காட்டியாக வேண்டும். இந்தியர் என்று டிக் அடிக்கப் போனேன். "உங்களுக்கு அது இல்லை, வெளிநாட்டவர் என்று போடுங்கள்" என்றார் மனிதவளத்தில் இருக்கும் அம்மா. கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசு அவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் இந்தியர், திருச்சிக்காரனான நான் இல்லை! சிரிப்பு வந்தாலும் நியாயம்தான். நிறவெறி ஆட்சியில் நசுங்கியவர்களுக்கான ஏற்பாடு அது. நான் வந்தது சம்பளத்துக்கு.

ஜூலை 6, சனி

விக்டோரியா தெருச் சந்தையில் மசாலா வாங்கினேன். மாமியார் பெயரில் ஒரு மிளகாய்த் தூள் விற்கிறார்கள், அடுக்களையையே இருமவைக்கும். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், "சாட்ஸ்வொர்த்தா, ஃபீனிக்ஸா?" என்றார். இரண்டுமே இந்தியர்களைத் தனியாகக் குடிவைக்கக் கட்டிய ஊர்கள். 1950 குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே வாழலாம் என்று கோடு கிழித்தது. சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்தில் கறுப்பர்களுக்கு உம்லாசி, ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் க்வாமாஷு. சட்டத்தை 1991இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் உம்லாசியில் இருக்கும் என் சக ஊழியர், வேலைக்கு வர விடியுமுன் எழுந்து மினிபஸ் டாக்ஸிக்கு வரிசையில் நிற்கிறார்.

ஜூலை 13, சனி

2021இல் இதே நாட்களில்தான் கலவரம். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமாவைச் சிறையில் அடைத்ததும் கிளம்பிய சூறையாடலில் நாடு முழுவதும் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் தெருவுக்குத் தெரு தடுப்பு போட்டுக் காவல் நின்றார்கள் இந்தியர்கள். அங்கே மட்டும் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள்.

பக்கத்து ஃபிளாட் அங்கிள் அப்போது அங்கேதான் இருந்தார். "போலீஸே வரவில்லை தம்பி, வேறென்ன செய்வது?" என்கிறார். அப்படியே 1949க்குப் போய்விடுகிறார். இந்தியர்கள் மீது ஆப்பிரிக்கர்கள் பாய்ந்து தொடங்கிய அந்தக் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். செத்தவர்களில் அதிகம் ஆப்பிரிக்கர்களே. அங்கிள் அப்போது பிறக்கவேயில்லை. அம்மா சொல்லிச் சொல்லி ஏறிய பயம்.

உம்லாசிக்காரர் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தோலைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள்."

அங்கிளின் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சூறையாட வந்தவனையும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனையும் ஒரே தடுப்பில் நிறுத்தி அடித்ததற்கு அந்தப் பயம் சமாதானம் ஆகாது. அதை அவரிடமே சொன்னேன். டீ வந்தது, பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

ஜூலை 19, வெள்ளி

மின்வெட்டு நின்று மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்வெர்ட்டருக்குக் கொட்டிய காசை நினைத்து வீட்டில் புலம்பல்.

ஆகஸ்ட் 3, சனி

கடைவாசலில் மஞ்சள் ஜாக்கெட் போட்டு வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர் காங்கோக்காரர். ஊரில் பள்ளி ஆசிரியராம். ஐந்து ரேண்ட் கொடுத்தால் "தேங்க்யூ பாஸ்" என்பார். பாஸ் வேண்டாம் என்றேன். "எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அப்போதுதான் சில்லறை வருகிறது" என்றார்.

2015 ஏப்ரலில் வெளிநாட்டவர்களைத் தேடித் தேடி அடித்தபோது, குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த் மைதானத்துக் கூடாரத்தில் கிடந்திருக்கிறார். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்பதுதான் அடித்தவர்களின் குற்றச்சாட்டு. அப்படிப் பார்த்தால் என் நாற்காலியும் உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் போயிருக்க வேண்டியதுதான். என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் வெளிநாட்டவன் என்பது மனிதவளத்துறைக்கு மட்டும் தெரியும். இவர் வாயைத் திறந்தாலே தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. இதை அங்கிளிடம் சொன்னால், "அவங்க வேற, நாம வேற தம்பி" என்பார். அந்த 'நாம'வில் என்னையும் சேர்த்துக்கொள்கிறாரே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

என் விசாவைப் புதுப்பிக்க அலுவலகமே வக்கீல் வைத்திருக்கிறது. காங்கோக்காரரின் அகதித் தாள் காலாவதியாகிவிட்டது, புதியது வரவில்லை. அதனால் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்களாம். வீட்டு வாடகையைச் சில்லறையாகவே எண்ணிக் கொடுக்கிறார்.