இருக்கலாம்

"பெரியவரு ராத்திரி மேல ஏறிச் சுருட்டுப் பிடிச்சிருப்பாரு. அணையாத சுருட்டுத் துண்டு ஓட்டு இடுக்குல விழுந்திருக்கும். என்ன வெல்டரே, சரிதானே?"

சூப்பர்வைசர் இப்படித்தான் கேட்டார். நான் "இருக்கலாம்" என்றேன்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ கேட், எத்தனையோ ஷெட் போட்டாயிற்று. ஆனாலும் ஹோல்டரில் ராடு மாட்டி முதல் பொறி விழும்போது சில நாள் அந்த வார்த்தை வந்து நிற்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் எப்போதோ போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அப்படியும் இல்லை.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் கூடிப் பேசி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி விடுதியாக்க முடிவு செய்திருந்தார்கள். எனக்கு வந்தது வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, மேலே இருந்த கம்பி அடைப்பு. குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து அந்தக் காலத்தில் போட்டது. மழையில் நனைந்து நனைந்து ஓரமெல்லாம் துரு தின்று, சில கம்பிகள் கையால் இழுத்தாலே வந்தன. பழையதை வெட்டிவிட்டு 12 எம்.எம். சதுரக் கம்பி போட வேண்டும். மொத்தம் பதினான்கு கம்பி, மூன்று நாள் வேலை. நல்ல கத்திரி வெயில்.

வளவைச் சுற்றி நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு. ஓட்டுக்குக் கீழே அதைத் தாங்குகிற மெல்லிய சட்டம், ரீப்பர். அதற்கும் கீழே ரீப்பரைத் தாங்குகிற கைமரம், பர்மாத் தேக்கில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் புறாவும் அணிலும் வருஷக்கணக்காகக் கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நாரும் பஞ்சும் வைக்கோலும். முதல் நாள் கம்பியை வெட்டும்போதே ஓர் அணில் கூடு கையோடு வந்தது. ஹெல்ப்பர் பையன் அதை எடுத்துக் கீழே போட்டான். ஒரு கூடு இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. முதல் நாள் நாலு சாக்கை நனைத்துக் கைமரத்தின் மேல் விரித்தேன். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் வைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அந்தச் சாக்கெல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. மறுபடி நனைக்கவில்லை. காரணம் இருந்தது. ஆர்க் அடிக்காமல் சும்மா பிடித்திருக்கும்போதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். வேர்வையில் ஊறிய பனியனோடு ஈரச் சாக்கின் மேல் மண்டியிட்டு வேலை செய்பவனுக்கு அது போதும். ஷாக் பெரிதாக அடிக்க வேண்டியதில்லை, ஒரு உதறல் உதறினால் வளவுக் கல்லில் போய் விழ வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றினால் ஷாக், ஊற்றாவிட்டால் நெருப்பு. அதனால் நனைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாக்கை நனைக்காததற்கு அதுவும் ஒரு சாக்குதான். நாலு தகரத் துண்டை வெட்டி அடியில் கொடுத்திருந்தால் ஈரமும் வேண்டாம், பயமும் வேண்டாம். தகரம் என் பட்டறையிலேயே கிடந்தது.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வேலை முடிந்தது. கோட்டையூரில் ஒரு கேட் மாட்ட வேண்டும். அவர்களுக்கு மறுநாள் காலையில் பால் காய்ச்சு. அவசரமாகக் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் பெரியவர் வந்து நின்றார்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"முடிஞ்சிருச்சுங்கய்யா."

"போறதுக்கு முந்தி ஒருக்கா மேல ஏறிப் பாத்துட்டுப் போயிரு."

"கைய வச்சே பாத்துட்டேன். எல்லாம் ஆறிப் போச்சு."

"கம்பி ஆறும் தம்பி. நான் மரத்தைச் சொன்னேன்."

நான் சிரித்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு எனக்குக் கண் எரிய ஆரம்பித்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கண்ணுக்குள் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். மேலே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடிக்கும்போது கை ஷீல்டை எந்தக் கையில் பிடிப்பது? டேக்தானே, கம்பி நிற்பதற்கு ஒரு சின்னப் பொட்டு வெல்டிங்தானே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடித்திருந்தேன். கண்ணை மூடுவது எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் போகும், ஆர்க் வெளிச்சம் முந்திக்கொள்ளும். உடனே ஒன்றும் தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். விடிய விடிய ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை ஆறரைக்குப் போன் வந்தது.

போனபோது பெரியவர் மட்டும்தான் இருந்தார். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் புகை வாடை வந்ததாம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறி, மூன்று ஓட்டைப் பிரித்து, நான் விட்டுவிட்டு வந்த குடத்துத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கொழுந்துவிட்டு எரியவில்லை, உள்ளுக்குள்ளேயே கனிந்திருக்கிறது. ஒரு கைமரத்தில் ஒன்றரைச் சாண் கரி, ரீப்பர் இரண்டு போய்விட்டது. இவ்வளவையும் காய்கறி விலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? கண்ணாடி போடாம அடிச்சியா?"

"ஆமாய்யா."

"கசக்காத. கசக்கக் கசக்கத்தான் கூடும்."

உன்னால்தான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நேற்றே சொன்னேனே என்றும் சொல்லவில்லை.

அப்புறம்தான் சூப்பர்வைசர் வந்தார். போனில் வீடியோ போட்டுச் சென்னையில் இருந்த செட்டியாருக்குக் கரியைக் காட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். பெரியவர் மூன்றடி தள்ளிப் பிரித்த ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் "இருக்கலாம்" என்றதும் அவர் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் அடுத்த ஓட்டை எடுத்தார். சூப்பர்வைசர் போனுக்குள் சொன்னார்: "வெல்டரும் அதைத்தான் சொல்றாரு."

நான் சொன்னது "இருக்கலாம்". சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது "ஆமாம்".

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரியவர் சுருட்டுப் பிடிப்பவர்தான். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். மாடிக்குப் போகவே இல்லை என்று அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் நான் கூடவா இருந்தேன்? நான் கடைசிப் பொறி விட்டது ஐந்து மணிக்கு முன்னால். புகை வந்தது ஒன்பதுக்கு. நாலு மணி நேரம். தேக்கு அப்படிப் பொறிபட்டதும் பற்றுகிற மரமும் இல்லை. சுத்தமான பலகையில் பொறி விழுந்தால் ஒரு கறுப்புப் புள்ளி விழும், அவ்வளவுதான். இந்தக் கணக்கை ஒரு வருஷம் போல எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

பெட்டிக்கடைக் கயிற்றை நினைத்த அன்று அது போனது. இப்போது லைட்டர் தொங்குகிறது. என் சின்ன வயதில் கடைக்கு வெளியே தேங்காய் நார்க் கயிறு தொங்கும். காலையில் கடை திறக்கும்போது நுனியில் பற்றவைப்பார்கள். ராத்திரி கடை அடைக்கும்வரை வருகிறவன் போகிறவனெல்லாம் பீடி பற்றவைத்துக்கொண்டு போவான். கொழுந்து கிடையாது, புகைகூடப் பெரிதாக இருக்காது. அதே நார்தான் அந்த ஓட்டுக்குள்ளும் இருந்தது. நாலு மணி நேரம் அதற்கு ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. கரி இருந்த இடம் ஏழாவது கம்பிக்கு நேர் கீழே. அந்தக் கம்பியை வெட்டும்போது கிரைண்டரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், வேறு வழியில் கை போகாது. அப்படிப் பிடித்தால் பொறி நேராகச் சரிவுக்குள்தான் போகும். டிஸ்க்கை மூடுகிற தகடு, கார்டு, இருந்தால் திருப்பிவைத்துத் தடுத்திருக்கலாம். கார்டை எப்போதோ கழற்றிப் போட்டாயிற்று. இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றுவதுதானே வழக்கம்.

தெரியாதவன் செய்தால் வேறு. நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே பெர்மிட், அதாவது எழுத்தில் அனுமதி, இல்லாமல் ஒரு பொறி விட முடியாது. சுற்றி 35 அடிக்குப் பற்றுகிற பொருள் இருக்கக் கூடாது, நகர்த்த முடியாததை மூடவேண்டும் என்று பாடம் எடுப்பார்கள். ஃபயர் வாட்ச் என்று ஓர் ஆள், கையில் தீயணைப்பானோடு சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு வேறு வேலையே கிடையாது. வேலை முடிந்து நாமெல்லாம் போன பிறகும் அரைமணி நேரம் அவன் அங்கேயே இருக்க வேண்டும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் விதியில் 2019-இல் அதையே ஒரு மணி நேரமாக்கிவிட்டார்கள். நாங்கள் அவனைக் கேலி செய்வோம், குந்திச் சம்பளம் வாங்குகிறான் என்று. இங்கே வந்து அப்படி ஓர் ஆளுக்குக் கூலி கேட்டால் யார் கொடுப்பார்கள்? பெர்மிட் என்றால் சிரிப்பார்கள். நானே சிரித்தேனே.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பர்மாத் தேக்குக் கைமரம் இன்று புதிதாகக் கிடைக்காது. இடித்த வீட்டு மரம் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும், விலை நம் கைக்கு எட்டாது. மூன்று நாள் கூலி போயிருக்கும், அதற்கு மேலும் போயிருக்கும். பெண்ணுக்கு அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டியிருந்தது. கண் வேறு திறக்க முடியாமல் தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தது, ஒரு தூக்கம் இல்லை, கேள்வி முடிந்தால் போதும் என்றிருந்தது. இதெல்லாம் உண்மைதான். உண்மையாக இருந்தும் எடையில் நிற்கவில்லை.

பெரியவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. வீட்டுக்குள் சுருட்டுக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். இருபது நாள் கழித்து அவராகவே வருவதை நிறுத்திக்கொண்டார். மகள் வீட்டோடு போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், ரோஷப்பட்டுப் போனார் என்று இன்னொருவர். விசாரிக்க நான் போகவில்லை. அந்த வீட்டில் பின்கட்டுக் கேட், மாடிக் கைப்பிடி என்று மேற்கொண்டு மூன்று வேலை எனக்குத்தான் கிடைத்தது.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவரே பட்டறைக்கு வந்தார். சைக்கிள் ஸ்டாண்டு உடைந்திருந்தது. பெயிண்டைச் சுரண்டி, 2.5 எம்.எம். ராடு போட்டு, இரண்டு பக்கமும் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பையன் டீ வாங்கிவரப் போன கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். காசு வேண்டாம் என்றேன். இருபது ரூபாயை மெஷின் மேல் வைத்தார். சைக்கிளை எடுக்கவில்லை.

"எடுத்துக்கலாம்ய்யா, தண்ணி ஊத்தி ஆத்தித் தரவா?"

"வேணாம். தானா ஆறட்டும்" என்று உட்கார்ந்திருந்தார். அவர் போகும்வரை நான் எதுவும் சொல்லவில்லை. அவர் அதை மனதில் வைத்துத்தான் உட்கார்ந்தாரா, வெல்டிங்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்று தெரிந்து உட்கார்ந்தாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. சும்மா கால் வலிக்குக்கூட உட்கார்ந்திருப்பார்.

இப்போது வண்டியில் தகரமும் ஒரு பவுடர் தீயணைப்பானும் எப்போதும் இருக்கின்றன. கிரைண்டருக்குக் கார்டு போட்டாயிற்று. தலையில் மாட்டுகிற ஹெல்மெட் வாங்கியாயிற்று. மரம் இருக்கும் வீட்டில் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்று பையனிடம் சட்டமாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன மாதம் தேவகோட்டையில் ஒரு பழைய வீடு. ஜன்னல் கம்பி வேலை, தேக்கு நிலை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பையன் கேட்டான், "ஒரு மணி நேரம் ஆச்சாண்ணே?" செல்லைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம்.

"ஆயிருக்கும், ஏத்து" என்றேன்.

ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பத்தேகாலுக்கு ஆச்சி எடுத்தார்கள்.

"என்னப்பா இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லைங்க ஆச்சி. சுத்தியலை அங்க விட்டுட்டு வந்துட்டனோன்னு பாக்கச் சொல்லலாம்னு."

ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இங்கே ஒன்றும் இல்லையே என்றார்கள்.