இரண்டு கோடு டவர்

பிப்ரவரி 2, திங்கள்

காலைப் பை தெளிவு. டயாலிசிஸுக்கு இவர் வயிற்றுக்குள் விட்டது 2,000 மில்லி, வடிந்து வெளியே வந்தது 2,250. எடை 61.4.

கேரவன் சங்கத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் பேசினார். "அக்கா, இந்த வாட்டி கடலூர்தான், வெள்ளி சாயந்தரத்துல இருந்து ஞாயிறு வரைக்கும். உங்க ஊர்ப் பக்கம் வர்றோம், நீங்க வரலன்னா எப்படி?" பார்க்கிறேன் தம்பி என்று சொல்லிவிட்டு வைத்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்து கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பை தெளிவு. 2,300. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கிட்னிக்கான போன் வரவில்லை.

பிப்ரவரி 4, புதன்

பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே பஸ் ஏறித் தாழங்குடா போய் வந்தேன். நாற்பது வருடத்தில் இவரிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது ஒன்று.

தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே, பெண்ணையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போகிற வழியில் ஒரு சவுக்குத் தோப்பு. ரோட்டிலிருந்து உள்ளே கெட்டியான மண் பாதை. தோப்பு முடிந்ததும் மணல், மணல் முடிந்ததும் கடல். கையில் இரண்டு போன், இரண்டு கம்பெனி சிம். வாசல் கேட்டில் நான்கு கோடு. தோப்பு நடுவில் இரண்டு. மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் நின்று பெரியவளுக்குப் போன் போட்டேன். "அம்மா, நீ எங்க இருக்க? ஒரே காத்துச் சத்தமா கேக்குது" என்றாள். அவளிடமும் பேங்க்.

தாழங்குடாவிலிருந்து சென்னை நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம். நெய்வேலியிலிருந்து போனால் இன்னும் கூடுதல். அதாவது தாழங்குடாவில் இருந்தால் வீட்டில் இருப்பதைவிடக் கிட்டத்தில்தான் இருப்போம். ராத்திரியில் பயம் வந்தால் படித்துப் பார்க்க இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் திரும்புவதற்குள் மதியப் பையை அவரே மாற்றி முடித்திருந்தார். நோட்டில் அவர் கையெழுத்து: 2,200, தெளிவு. கீழே சின்னதாக, "பேங்க்ல கூட்டமா?"

பிப்ரவரி 5, வியாழன்

போகிறோம்.

ஒரு நாளைக்கு நான்கு பை, மூன்று நாளைக்குப் பன்னிரண்டு, கூட நான்கு. பதினாறு பை என்றால் முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல். கட்டிலுக்கு அடியில் வைத்தால் வண்டியின் எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரண்டு பக்கமும் பிரித்து வைத்தேன். மூடி, கிளிப், மாஸ்க், ஸ்பிரிட், தூக்கி நிறுக்கும் தராசு. கொக்கியை ஜன்னலுக்கு மேலே அவரே மாட்டினார்.

பேட்டரிக் கணக்கு இரவு பதினோரு மணி வரை போனது. 200 ஆம்பியர் ஹவர் லித்தியம், இரண்டரை யூனிட் தாங்கும். பையைச் சூடேற்றும் பாய்க்கு நாள் முழுக்க அரை யூனிட், ஃப்ரிட்ஜுக்கு ஏறக்குறைய அரை, விசிறி, விளக்கு. மேலே 400 வாட் சோலார் இருக்கிறது, ஆனால் சவுக்கு நிழலில் நின்றால் எவ்வளவு வரும்? வெயிலில் நிற்க வேண்டுமென்றால் கடல் பக்கம் போக வேண்டும். கடல் பக்கம் ஒரு கோடு.

அப்புறம் கழிவுத் தொட்டி. மற்ற வண்டிகளில் இருபது லிட்டர் தொட்டி இரண்டு, மூன்று நாள் வருகிறது. எங்களுக்கு வடிக்கிற தண்ணீரே ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர். தோப்புக்காரர் வீட்டுக் கழிப்பறையில் தினமும் காலையில் கொட்டிக்கொள்ளலாம் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டு வைத்திருக்கிறார். நான் இதைச் சொல்லாமலே கேட்டு வைத்திருக்கிறார். அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

மதியப் பை முடிந்ததும் கிளம்பினோம். நான் ஓட்டினேன். ஷிப்டுக்குப் போன காலத்திலிருந்து யாருக்கும் ஸ்டியரிங்கைக் கொடுக்காத மனிதர் இடப்பக்கம் உட்கார்ந்து வழி நெடுக "கியரை மாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

வடலூரில் தைப்பூசக் கூட்டம் வடிந்து, சாலையோரம் பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தருமச்சாலை முன்னால் வண்டியை நிறுத்தி நான் மட்டும் இறங்கினேன். 1867-இல் வள்ளலார் ஏற்றி வைத்த அடுப்பு. இன்று வரை அணையவில்லை. கொண்டு போன பத்துக் கிலோ அரிசியைக் கொடுத்தேன். கும்பிட்டேன். எதையும் கேட்கவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு நான் எந்த இடத்திலும் எதையும் கேட்பதில்லை.

குறிஞ்சிப்பாடி, கடலூர், தாழங்குடா. பதினோரு வண்டிகள். எல்லோரும் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருக்க, கேட் பக்கம் கெட்டி மண்ணில், மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி ஒரே ஒரு இடம் எங்களுக்காகக் காலியாக இருந்தது. மூங்கில் கம்பில் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தார்கள்.

இரவு பத்து மணிப் பை. விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, கை கழுவி, மாஸ்க் போட்டு அரை மணி நேரம். வெளியே பாட்டும் சிரிப்பும். திடீரென்று பாட்டு நின்றது. திருச்சி அக்கா போய்ச் சொல்லியிருக்கிறார், அவர்கள் உள்ளே பை மாற்றுகிறார்கள் என்று. பாட்டுக்கும் பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பாடட்டும் என்று ஜன்னலைத் தட்டிச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு மேல் ஜெனரேட்டர் கூடாது என்பது இப்போது சங்க விதி. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் கேரவனுக்குள் படுத்திருந்த இரண்டு பேர் ஜெனரேட்டர் புகையால் காலையில் எழுந்திருக்கவே இல்லை. வாசனையே இல்லாத விஷம். நான் எங்கள் ஜன்னல் பக்கம் யாருடைய ஜெனரேட்டர் இருக்கிறது என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன்.

நான்கு கோடு. மணி 11.40.

பிப்ரவரி 7, சனி

காலைப் பை தெளிவு. 2,350.

விடிவதற்கு முன்பே எழுந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஈர மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒன்று, கடலிலிருந்து மேலே வந்து மறுபடி கடலுக்கே போயிருந்தது. ஆமை. முட்டைகளை வனத்துறை வைத்திருக்கும் வேலிக்குள் கொண்டு போய்ப் புதைத்தாயிற்று என்றார் அங்கே நின்ற ஒரு பெரியவர். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்குமாம், குஞ்சு வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். "அதுவும் காத்திருக்குது" என்று இவர் சொன்னார். அவர் காத்திருப்பது என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கணுக்கால் வரை மட்டும் தண்ணீரில் நின்றார். வயிற்றில் குழாய் இருக்கும் இடத்தில் கடல் தண்ணீர் படக் கூடாது. வேட்டியை முழங்கால் வரை மடித்துப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம். நான் அலையைப் பார்க்கவில்லை. பெரிய அலை வருகிறதா என்று அவர் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகுகள் வந்ததும் சங்கராவும் நெத்திலியும் வாங்கினோம். மீன் விற்ற அம்மா 2004-ஐப் பற்றிச் சொன்னார். "இன்னாமா, அன்னைக்கு ஞாயித்துக்கிழம. சாமான் வாங்கப் போன எடத்துல தப்பிச்சேன்." அதற்கு மேல் சொல்லவில்லை, மீனை அரிய ஆரம்பித்துவிட்டார். பொதுச் சமையலில் திருச்சி அக்கா குழம்பு கொதித்ததும் உப்புப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் எடுத்துத் தனியாக மூடி வைத்தார். நான் கேட்கவில்லை. இவர் இரண்டு துண்டு மீன் கூடுதலாகச் சாப்பிட்டார். புரதம் போகிற உடம்பு, மீன் நல்லது. இளநீர்க் குலையைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். பொட்டாசியம். பிள்ளைகள் எல்லாம் உறிஞ்சிக் குடித்தபோது நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலைப் பை தெளிவு. 2,200.

அதற்கு அப்புறம் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

"ஒரு ராத்திரி கடலப் பாத்து நிறுத்தலாம்" என்றார். முடியாது என்றேன். டவர், மணல், சென்னை, நூற்றெண்பது கிலோமீட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இந்த வண்டிய நான் எதுக்கு வாங்கினேன், ரோட்டப் பாத்துப் படுக்கவா?" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

ஒன்பதரைக்கு நானே வண்டியைக் கிளப்பி மணல் மேட்டுப் பக்கம் கொண்டு போனேன். கடைசிப் பத்தடி. பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது, இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். மிதித்திருக்கக் கூடாது, தெரியும், மிதித்தேன். அச்சு வரை மணல்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் மண்வெட்டியோடு, யாரோ பலகையோடு. டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார்கள். சவுக்கு மிலாரை அள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார்கள். ஓசூர்ப் பையன் தன் ஃபோர் வீல் ஜீப்பைக் கொண்டு வந்து பட்டை கட்டினான். நான் உதவவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டின் மேலே நின்றேன். ஒரு கோடு. இல்லை. ஒரு கோடு. ஆகஸ்டில் போன் வந்தபோது கிளம்ப எங்களுக்கு ஆனது இருபது நிமிடம். போய், ரத்தம் கொடுத்து, வரிசையில் இரண்டாவது ஆள் என்று விடியற்காலையில் திரும்பி வந்தோம். இப்போது வந்தால் வண்டி மணலில்.

தூரத்தில் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம். சனிக்கிழமை இரவு. யாருடைய பிள்ளையோ பைக்கிலிருந்து விழுந்திருக்கலாம். அந்தப் போன் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் நான் வேண்டுவது எதை? அதனால்தான் நான் எந்தச் சன்னதியிலும் எதையும் கேட்பதில்லை. 2023 செப்டம்பரில் உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் பேப்பரில் அந்தப் படம் எப்போது வந்தாலும் வெட்டி வைக்கிறேன். சாமி அலமாரியில், மஞ்சள் கவரில் இருக்கிறது. இவருக்குத் தெரியாது.

ஐம்பது நிமிடத்தில் வண்டி வெளியே வந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பேசாமல் கேட் பக்கம் கொண்டு போய், மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். பத்து மணிப் பை பதினொன்றேகாலுக்குத்தான் மாற்றினோம். பை தொங்கிக்கொண்டிருக்கும்போது அவர், "சத்தம் இங்கயும் கேக்குது" என்றார். கடல் சத்தம். கேட்கத்தான் செய்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு, காலை 5.50

பை சரியில்லை. டார்ச் வெளிச்சத்தில் வெள்ளையாக என்னமோ தெரிகிறது. பேப்பரின் மேல் வைத்துப் பார்க்கிறேன், பெரிய எழுத்து தெரிகிறது, சின்ன எழுத்து தெரியவில்லை. ராத்திரி மணலில் நின்ற கையிலிருந்து கிருமி போயிருக்குமோ. நன்றாகக் கழுவினேன். கழுவினேனா? அவருக்கு வயிற்று வலி இல்லை, ஜுரம் இல்லை. தூங்குகிறார். விடியட்டும்.

7.05

வெயிலில் பார்த்தேன். நூல் மாதிரி இரண்டு வெள்ளை இழை, அவ்வளவுதான். தண்ணீர் தெளிவு. சின்ன எழுத்து, வரி விளம்பரம் வரைக்கும் படிக்க முடிகிறது. நர்ஸுக்குப் படம் அனுப்பினேன். நார்தான், பயப்படாதீங்க, அடுத்த பையையும் பாருங்க என்றார்.

அடுத்த பை சுத்தம். 2,300.

கிளம்பும் முன் எல்லோரும் வண்டியின் அடியில் நல்ல தண்ணீர் அடித்தார்கள். உப்புக் காற்று இரண்டே நாளில் போல்ட்டைத் தின்றுவிடும். எங்கள் வண்டிக்கு அடியில் படுத்துக் கோயம்புத்தூர்க்காரரே அடித்தார், "அண்ணா, நீங்க நகருங்க, தண்ணி தெறிக்கும்" என்று இவரிடம் சொல்லிக்கொண்டே. தோப்புக்காரர் சொன்னார், இந்தச் சவுக்கு அடுத்த வருடம் வெட்டு. நான்கு வருடம் ஆகிவிட்டது. அடுத்த முறை வந்தால் வெட்டவெளியாக இருக்கும்.

பிப்ரவரி 9, திங்கள்

பை தெளிவு. வீடு முழுக்க மணல். போன் வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பை தெளிவு. 2,250. எடை 61.1.

அடுத்த கூடுகை ஏப்ரலில், காரைக்காலில். எங்கள் பெயரை இவரே கொடுத்திருக்கிறார். காரைக்காலிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று பார்க்கக் கையெடுத்தேன், அவர் கையில் பேப்பர், அதில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

நாளை காலை மாதப் பெட்டிகள் வருகின்றன. நூற்றிருபது பை. அலமாரியில் இடம் இல்லை. பாதியை வண்டியிலேயே ஏற்றி வைத்துவிடலாம் என்கிறார்.