சீரத்தில் தெரியாத மெக்னீசியம்

மருத்துவமனை பயோகெமிஸ்ட்ரி லேபில் சோடியம், பொட்டாசியம் கேட்டு நாள் முழுக்க சாம்பிள் வரும். மெக்னீசியம் கேட்டு எப்போதாவதுதான் வரும், அதுவும் பெரும்பாலும் ஐசியூவிலிருந்து. எனக்கு அதன் மேல் தனி அக்கறை உண்டு. உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் செல்களுக்கு வெளியே இருக்கிறது. மற்றதெல்லாம் எலும்பிலும் செல்களுக்குள்ளும். நாங்கள் அளப்பது அந்த 1 சதவீதத்தில் ஒரு பங்கை.

இயந்திரத்தில் சுழற்றி எடுத்த ரத்த டியூபில் சீரம், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரிந்த நீர்மம், வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டும். லேசாகச் சிவப்பு தட்டியிருந்தாலே வேறு சாம்பிள் கேட்டுவிடுவேன். சிவப்பணுவுக்குள் மெக்னீசியம் சீரத்தைப்போல சுமார் 3 மடங்கு; அணு உடைந்து கசிந்தால் ரிசல்ட் பொய்யாக ஏறிவிடும். ஊதா மூடி டியூபும் கூடாது. அதிலுள்ள ஈடிடிஏ என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம் மெக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும்.

செல்லுக்குள் மெக்னீசியத்தின் மொத்தச் செறிவு 17 முதல் 20 மில்லிமோலார் வரை இருந்தாலும் பெரும்பகுதி ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு), ரைபோசோம் (புரதம் தயாரிக்கும் அமைப்பு) போன்றவற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. தனித்துத் திரிவது 1 மில்லிமோலாருக்கும் குறைவு. செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டது. அதனால் மெக்னீசியம் தானாகவே உள்ளே இழுபடும். விட்டுவிட்டால் பல மடங்கு சேர்ந்துவிடும். ஆகவே செல்லின் உழைப்பெல்லாம் அதை வெளியே தள்ளுவதில்தான். உள்ளே வர டிஆர்பிஎம்7 என்ற புரதக் குழாய் போன்ற வழிகள் இருக்கின்றன. வெளியேற்றும்போது பெரும்பாலும் சோடியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மெக்னீசியத்தை அனுப்புகிறது.

எவ்வளவு இருக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? பாக்டீரியாவின் கோர்ஏ புரதத்தில் அதற்கு அருமையான விடை இருக்கிறது. ஒரே மாதிரியான 5 புரதங்கள் கூடி அமைத்த, மெக்னீசியத்தை உள்ளே விடும் குழாய் அது; 2006இல் அதன் வடிவம் வெளியானது. உள்ளே மெக்னீசியம் போதுமான அளவு இருந்தால் அதுவே குழாயின் உட்பக்கத்தில் ஒட்டி வாசலை அடைத்துவிடும். குறைந்தால் ஒட்டியது கழன்று வாசல் திறக்கும். அளப்பதும் அடைப்பதும் அதே மெக்னீசியம்தான்!

நம் சிறுநீரகத்திலும் இதைப்போன்ற ஒரு காவல் உண்டு. அங்கே செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம் ரோம்க் என்ற பொட்டாசியக் குழாயை அடைத்து நிற்கிறது. அது குறைந்தால் பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். வார்டில் எத்தனை டிரிப் ஏற்றினாலும் பொட்டாசியம் நிற்கவில்லை என்று போன் வரும்போது நான் முதலில் கேட்பது, "மெக்னீசியம் பார்த்தீங்களா டாக்டர்?" சீரம் அளவு நார்மல் என்றாலும், நீர் பிரிய மருந்து சாப்பிடுகிறவரா, நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவரா என்று அடுத்துக் கேட்பேன். செல்லுக்குள் மெக்னீசியம் வற்றியிருப்பது சீரத்தில் தெரியாமலே போகலாம்.