ஒரு தரப்புள்ளிக்காக ஐந்து பயணங்கள்: என் மாணவியை ஜெர்மனிக்கு அனுப்பிய அனுபவம்

மே மாதத்தின் மூன்றாவது வாரம், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் வாசலில் இருந்த சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்து, அப்போதுதான் கைக்கு வந்த டிரான்ஸ்கிரிப்டின், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய சான்றின், கூடுதல் படியைப் பிரித்துப் பார்த்தேன். மதிப்பெண்கள் சரியாக இருந்தன, பெயரும் சரியாக இருந்தது. பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த தரப்புள்ளி அட்டவணை மட்டும் வேறு ஒழுங்குமுறைக்கு, அதாவது வேறு பாடத்திட்ட, தேர்வு விதித் தொகுப்புக்கு உரியது. என் மாணவி படித்த ஒழுங்குமுறையில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத் தரப்புள்ளி 5. அட்டவணையிலோ 6 என்று இருந்தது. அந்த ஒற்றை எண்ணைத் திருத்துவதற்கு மேலும் இரண்டு பயணங்களும் பத்தொன்பது நாள்களும் ஆயின.

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையில் பாடம் நடத்துகிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வெளிநாட்டு மேற்படிப்பைப் பற்றிக் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு நடக்கும். யாராவது வந்து திரையில் பனி மூடிய கட்டடங்களைக் காட்டுவார்கள். கை தூக்கச் சொன்னால் அரங்கில் பாதிப் பேர் தூக்குவார்கள். ஆண்டு முடிவில் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். ஆர்வம் இல்லாததால் அப்படி ஆகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரே ஒரு மாணவியின் கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை கையில் எடுத்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

அவர் என்னிடம் வரும்போதே, வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சியிடம் முன்பணம் கட்டியிருந்தார். அவர்கள் காட்டிய மூன்று கல்லூரிகளும் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனங்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை என்பதை அவர்கள் சொல்லவேயில்லை. ஆனால் அதிலும் விலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. இவற்றை ஒதுக்கிவிட்டு, ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் நான்கு பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தோம். முன்பணம் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை.

முதல் சிக்கல் இனிஷியலில் வந்தது. மதிப்பெண் பட்டியலில் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும் இருக்க, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. நமக்கு இது இயல்பு. ஜெர்மன் படிவங்களுக்கோ குடும்பப்பெயர் இல்லாத மனிதர் என்று ஒருவர் இருக்கவே முடியாது. ஒரு படிவத்தில் பெயரையே இரண்டு முறை எழுதி, இன்னொன்றில் கோடு போட்டு, மூன்றாவதில் அப்பா பெயரை எழுதினால், அந்த நாட்டின் கணினிக்கு அவர் மூன்று பேர். நல்லவேளையாக எதையும் அனுப்புவதற்கு முன்பே இதைக் கவனித்ததால், பாஸ்போர்ட்டைத் திருத்தி அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப்பெயராக ஏற்றி, இரண்டு வடிவப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரமும் வாங்கி வைத்துக்கொண்டோம். பாஸ்போர்ட்டுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கட்டத்தைக் காலியாக விடவே விடாதீர்கள்.

அதன் பிறகு ஏ.பி.எஸ். சான்றிதழ். நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தூதரகத்தின் மதிப்பீட்டு மையம் தருவது அது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். டிசம்பரில் விண்ணப்பித்தோம், பிப்ரவரியில் மின்னஞ்சலில் வந்தது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்விலும் குறை ஒன்றுமில்லை.

இனி டிரான்ஸ்கிரிப்ட். மார்ச்சில் முதல் முறை இரவுப் பேருந்து ஏறிப் போனபோது, விண்ணப்பத்துடன் கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம் இல்லை என்று ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு கடிதம் தேவை என்பது விண்ணப்பப் படிவத்திலும் இல்லை, இணையதளத்திலும் இல்லை. கவுண்ட்டர் கண்ணாடியின் உள்பக்கம், எழுத்தருக்கு மட்டும் தெரியும்படி ஒரு தாளில் ஒட்டியிருந்தது. இரண்டாவது முறை ஏப்ரலில் எல்லாம் கொடுத்துப் பணமும் கட்டியாகிவிட்டது. மூன்றாவது முறைதான் அந்தத் திண்ணை.

ஓர் எண்ணுக்காக ஏன் இவ்வளவு பதறினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்த தரம், 4.0 வெறும் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்றுவதற்குப் பவேரிய வாய்பாடு என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: உச்சத் தரப்புள்ளியான 10-லிருந்து நாம் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். என் மாணவியின் சராசரி 7.8. தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் அவருடைய ஜெர்மன் தரம் 2.32, 6 என்றால் 2.65. நாங்கள் தேர்ந்தெடுத்த நான்கில் மூன்று இடங்கள் 2.5-க்கு மேல் போனால் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காதவை. நான்கு ஆண்டு உழைப்பு, பின்பக்கத்து அட்டவணையில் ஒரு வரியால் தகுதியின்மை ஆகியிருக்கும், அதுவும் காரணம் இன்னதென்று யாருக்கும் தெரியாமலே.

உள்ளே போய்க் காட்டினேன். “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வருது, எல்லாருக்கும் இதே ஃபார்மேட்தான்” என்றார் எழுத்தர். எல்லாருக்கும் இதுவே என்றால் எல்லாருக்கும் தவறு என்றுதானே பொருள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “நீங்க காலேஜ்ல என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்க?” என்று கேட்டார். அதற்குள் உணவு இடைவேளை வந்துவிட்டது. கண்காணிப்பாளர் விடுப்பு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வந்தேன். மென்பொருளை மாற்ற வெளி நிறுவனத்துக்கு எழுத வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். மாணவி ஜூலை 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னபோது, அடுத்த ஆண்டு போகலாமே என்று அறிவுரையும் கிடைத்தது.

ஐந்தாவது பயணத்துக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலிருந்தே அந்த ஒழுங்குமுறையை இறக்கி, தரப்புள்ளிகளைக் கூறும் விதியை மஞ்சள் மையால் கோடிட்டு, மாணவியின் மதிப்பெண் பட்டியலையும் தவறான டிரான்ஸ்கிரிப்டையும் அதனுடன் இணைத்து, நிலையைத் தெளிவாக்கும் ஒரு கடிதத்தையாவது தருமாறு முறைப்படி விண்ணப்பம் எழுதியிருந்தேன். அதன் கடைசி வரியில், தர இயலாது எனில் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டு, தபால் பிரிவில் கொடுத்து, என் படியில் தேதியிட்ட முத்திரையும் வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரைக்கு அவ்வளவு சக்தி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அரை மணி நேரத்தில் உதவித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அழைத்தார், விதியைப் படித்தார், “இத யாரும் இதுவரைக்கும் சொல்லலையே” என்றார். மாலைக்குள் திருத்திய அட்டவணையுடன் டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வந்துவிட்டது. இரண்டு மாதம் ஆகும் என்ற மென்பொருள் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

அதே அட்டவணையுடன் எத்தனை மாணவர்களின் டிரான்ஸ்கிரிப்ட் ஏற்கெனவே வெளிநாடு போயிருக்கும் என்ற எண்ணம் மட்டும் திரும்பி வரும் பேருந்தில் தூங்கவிடவில்லை.

இதற்கிடையே பாடத்திட்டத்துக்குப் பக்கம் பக்கமாக முத்திரை வாங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, முந்நூறு பக்கத்துக்கு மேல் அச்செடுத்து, துறைத் தலைவரின் கை வலிக்கும் வரை கையொப்பம் வாங்கினோம். பல்கலைக்கழகங்கள் கேட்டதோ ஒவ்வொரு பாடத்துக்கும் மணி நேரமும் கிரெடிட்டும் காட்டும் ஓர் அட்டவணையும், முத்திரையில்லாத பி.டி.எஃப். கோப்பும். அந்த முந்நூறு பக்கம் இன்னும் என் மேசையடியில் கால் வைக்கப் பயன்படுகிறது. எதையும் அச்செடுப்பதற்கு முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தை முழுதாகப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பல பல்கலைக்கழகங்களுக்காகப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்ட் வழியாக எங்கள் விண்ணப்பங்களை அனுப்பினோம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பரிசீலனைக்கே சில வாரங்கள் ஆகும் என்பதால், கடைசித் தேதி ஜூலை 15 என்றால் மே மாதத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. எங்களுடையது ஜூன் நடுவில்தான் போனது.

மாணவியின் அப்பா டெம்போ ஓட்டுபவர். “புள்ளைய அனுப்பறது பெருசில்லைங்க சார், பணத்தை அனுப்பறதுதாங்க பெருசு” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஓராண்டுச் செலவுக்கு உரிய தொகையை மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற, முடக்கக் கணக்கு எனப்படும் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும்; 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992. ரூபாயில் பதினோரு லட்சத்துக்கும் மேல். வங்கிக் கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் அசையாச் சொத்தைப் பிணையாகக் கேட்பார்கள். அவர்களிடம் ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருந்தது. வங்கி வேண்டாம் என்றது, ஏனெனில் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொட முடியாது. மிஞ்சியது ஊரில் இருந்த வீடு. அது தாத்தாவின் பெயரில் இருந்தது. தாத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம், அத்தையின் பங்குக்கு விடுதலைப் பத்திரம், பிறகு பட்டா மாறுதல், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்து என்று ஏப்ரலில் தொடங்கியது ஆகஸ்ட்டில் முடிந்தது. மூலப் பத்திரத்தைக் காணவில்லை என்று ஒரு வாரம் வீடே கலங்கி, கடைசியில் அது அத்தை வீட்டுப் பீரோவில் கிடைத்தது. விடுதலைப் பத்திரத்துக்கு அவர் மறுத்துவிடுவாரோ என்று எல்லோரும் அஞ்சிக்கொண்டிருக்க, “அம்மணி படிக்கறதுக்கு நான் குறுக்க நிப்பனா, எங்க கையெழுத்துப் போடோணும் சொல்லு” என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். இந்த வேலையைச் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு தொடங்கியிருந்தால் அந்த ஆண்டு போயிருக்கவே முடியாது.

சேர்க்கைக் கடிதம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்தது. விசா விண்ணப்பத்தைச் சென்னையில் ஒரே காலையில் கொடுத்து முடித்தோம். வகுப்புகள் தொடங்கிய பத்தாம் நாள் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

இப்போது எங்கள் துறையில் கருத்தரங்கு நடத்துவதை விட்டுவிட்டேன். அதற்குப் பதில், மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் விருப்பமுள்ளவர்களைப் பாஸ்போர்ட்டுடன் வரச் சொல்லி, அவருடைய கோப்பின் நகலை மேசைமேல் விரித்து வைக்கிறேன்: தவறான டிரான்ஸ்கிரிப்ட் ஒருபுறம், திருத்தியது மறுபுறம், தேதி முத்திரையிட்ட விண்ணப்பம் நடுவில். வீடோ நிலமோ யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்விக்குத்தான் மாணவர்கள் அதிகம் விழிக்கிறார்கள். இந்த ஆண்டு ஏழு பேர் வந்தார்கள். நான்கு பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. ஒருவருக்குத் தாத்தாவின் வீட்டுக்குப் பதினோரு வாரிசுகள். அவருடைய அப்பாவை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.