கீனாய் ஆற்றில் சால்மன்: ஜூலையில் அலாஸ்கா கிளம்புகிறவர்களுக்கு

அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போகலாம் என்று பேச்செடுத்தாலே, பெரிய மீன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஆற்றங்கரையில் யாரோ நிற்கும் போட்டோதான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்த மீன் கிங் சால்மன். 1985 மே மாதம் லெஸ் ஆண்டர்சன் கீனாய் ஆற்றில் பிடித்த கிங், 97 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் 44 கிலோ. தூண்டிலில் சிக்கிய கிங் சால்மன்களில் உலக சாதனை இன்றும் அதுதான். பாடம் செய்த அந்த மீனை சோல்டாட்னா ஊரின் பார்வையாளர் மையத்தில் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். பிடிப்பது வேறு கதை. கீனாயில் கிங் வரத்து ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, சமீபத்திய சீசன்களில் கிங் பிடிக்கவே மாநில மீன்வளத் துறை தடை போட்டிருக்கிறது. பழைய போட்டோவைக் காட்டி இன்னமும் கிங் பேக்கேஜ் விற்கிற ஆளைக் கண்டால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

இப்போது கீனாய்க்குப் போவது சாக்கை சால்மனுக்காக. உள்ளூரில் அதை ‘ரெட்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு மீன் ஐந்து முதல் எட்டு பவுண்டு வரும். சதை அடர் சிவப்பு, கொழுப்பும் உண்டு, பிடித்துவிட்டால் கை வலிக்க வைக்கும். முதல் கூட்டம் ஜூன் மத்தியில், கீனாயில் வந்து கலக்கும் ரஷ்யன் ஆற்றை நோக்கி ஏறும். பெரிய கூட்டம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை. பல ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இந்த ஒரே ஆற்றில் ஏறுகின்றன. கோஹோ சால்மன், அதாவது ‘சில்வர்’, வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர். பிங்க் சால்மன் இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டும் ஆகஸ்டில் ஆற்றை அடைத்துக்கொண்டு வரும். அந்த ஆண்டுகளில் சில்வர் பிடிக்கப் போனால் தூண்டிலை எடுப்பதற்குள் பிங்க் வந்து கவ்வும், பொறுமை போய்விடும்.

ஆகவே எந்த மீன் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேதி அதன்பிறகு, கைடு அதற்கும் பிறகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து விமான டிக்கெட் போட்டுவிட்டு, ‘அந்த வாரம் என்ன மீன் கிடைக்கும்’ என்று கைடிடம் கேட்கிறார்கள். ஜூலை முதல் வாரத்தில் முதல் கூட்டம் ஓய்ந்து இரண்டாவது இன்னும் வராத இடைவெளி விழுவதுண்டு. எங்கள் கணக்கில் ஜூலை 18 முதல் 30 வரை பத்திரமான காலம். அந்தப் பதின்மூன்று நாட்களுக்கு நல்ல கைடுகள் முந்தைய குளிர்காலத்திலேயே நிரம்பிவிடுவார்கள்.

முகத்துவாரத்திலிருந்து 19ஆவது மைலில் மீன்வளத் துறையின் சோனார் கருவி, அதாவது ஒலி அலையால் மீனை எண்ணும் கருவி, ஓடுகிறது. நேற்று எத்தனை மீன் ஏறியது என்று தினமும் இணையத்தில் போடுவார்கள். அந்த எண் சட்டென்று எகிறினால் அடுத்த ஓரிரு நாள் சோல்டாட்னாவுக்கு மேலே கரையெல்லாம் திருவிழாதான். கைடு காலையில் காபியோடு முதலில் பார்ப்பது இதைத்தான், நீங்களும் பார்க்கலாம்.

ஆங்கரேஜ் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். சீவர்ட் நெடுஞ்சாலையில் டர்னகெய்ன் கடற்கழியை ஒட்டிப் போய், பிறகு ஸ்டெர்லிங் நெடுஞ்சாலையில் திரும்பினால் கூப்பர் லேண்டிங் சுமார் 100 மைல், சோல்டாட்னா சுமார் 150 மைல். மூன்று மணி நேரம் என்று போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை வெள்ளிக்கிழமை மாலை என்றால் நான்கு. டர்னகெய்னில் ஓதம் வடிந்ததும் தெரியும் சாம்பல் நிறச் சேற்றில் கால் வைக்காதீர்கள். பனிப்பாறை அரைத்துத் தள்ளிய மண் அது, காலை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அடுத்த ஓதம் காத்திருக்காது.

லைசென்ஸை மீன்வளத் துறையின் தளத்திலேயே எடுத்துவிடலாம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாளுக்கு 15 டாலர், மூன்று நாளுக்கு 30, ஏழு நாளுக்கு 45 என்று இருந்தது. கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 16 வயதுக்குக் கீழ் லைசென்ஸ் வேண்டாம், ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்ற வரம்பு அவர்களுக்கும் உண்டு. ரெட் வழக்கமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று. வரத்து அமோகமாக இருந்தால் அவசர உத்தரவு போட்டு ஆறாக உயர்த்துவார்கள், மோசமாக இருந்தால் மூடுவார்கள். இந்த உத்தரவு காலையில் வந்து நள்ளிரவில் அமலாகிவிடும், அதனால் முந்தின நாள் கேட்ட விதியை நம்பி ஆற்றில் இறங்க வேண்டாம். இன்னொன்று: ஜூலையில் ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய வட்ட வலையோடு குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். அது அலாஸ்கா வாசிகளுக்கு மட்டுமான சலுகை. ‘கொஞ்சம் பிடிங்க’ என்று யாராவது வலையை நீட்டினாலும் கை வைக்காதீர்கள், அபராதம் உங்களுக்கும் வரும்.

கைடு விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மாநிலப் பதிவு இருக்கிறதா, மோட்டார் படகு ஓட்ட கடலோரக் காவல்படை லைசென்ஸ் இருக்கிறதா, கீனாய் ஆற்றுக்கென்று மாநிலப் பூங்காத் துறை தரும் அனுமதி இருக்கிறதா. இவற்றைக் கேட்டால் நல்ல கைடு கோபப்பட மாட்டார். அதைவிட முக்கியமான கேள்வி: ரெட் பிடிக்க எங்கே கூட்டிப்போவீர்கள்? இந்த மீனைப் பெரும்பாலும் படகில் இருந்தபடி பிடிப்பதில்லை. படகு உங்களைச் சாலையில்லாத ஒரு சரளைத் திட்டில் இறக்கிவிடும், நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பிடிப்பீர்கள். ‘நாள் முழுக்கப் படகுச் சவாரி’ என்று நினைத்து வந்தவர்கள் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். கட்டணம் அரை நாளுக்கு ஆளுக்கு 200 முதல் 300 டாலர் என்ற அளவில் இருக்கும். டிப் 15 முதல் 20 சதவீதம், அதைப் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனி பிடிக்கும் முறை. கடலில் ரெட் தின்பது நுண்ணிய மிதவை உயிர்களை. ஆற்றுக்குள் வந்ததும் தின்பதையே நிறுத்திவிடும். அதனால் இரை வைத்து ஆசை காட்டுகிற வேலைக்குப் பெரும்பாலும் அர்த்தமில்லை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியபடி எதிர்நீச்சல் போடுகிறது. தூண்டில் நரம்பு அந்த வாய்க்குள் நழுவி, பின்னால் வரும் முள் தாடை ஓரத்தில் குத்துகிறது. இதை வீரம் என்று சொல்ல முடியாது, ஆனால் சட்டப்படி சரி. ஒரே நிபந்தனை, முள் வாயில் பட்டிருக்க வேண்டும். முதுகிலோ துடுப்பிலோ வாலிலோ மாட்டினால் அந்த மீனை விட்டுவிட வேண்டும்.

அமைப்பு எளிது. 9 அடி நீள ஃப்ளை ராட், எட்டாம் அல்லது ஒன்பதாம் எண். முனையில் 20 முதல் 25 பவுண்டு தாங்கும் நரம்பு. முள்ளுக்கு மேலே மூன்று நான்கு அடி விட்டு ஈயக்குண்டு. ரஷ்யன் ஆறும் கீனாயும் கலக்கும் இடத்தில் ஃப்ளைக்கு, அதாவது இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சி முள்ளுக்கு, மட்டுமே அனுமதி: ஒற்றை முள், முள்ளின் இடைவெளி முக்கால் அங்குலத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது, ஈயம் குறைந்தது 18 அங்குலம் மேலே இருக்க வேண்டும். ஈயத்தின் எடைதான் மொத்த வித்தையும். கால் அவுன்ஸில் தொடங்குங்கள். ஈயம் ஆற்றடியில் உருளும்போது, இரண்டு மூன்று அடிக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று ராட் வழியாகக் கைக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் முள் மீனின் தலைக்கு மேலே போகிறது, எடையைக் கூட்டுங்கள். விடாமல் டிக்டிக் என்று அடித்து கல்லில் சிக்கினால் குறையுங்கள். பத்தடி தள்ளி நின்றாலே நீரோட்டம் மாறும், எடையும் மாற வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வரிசையாக மீன் எடுக்க, நீங்கள் வெறுங்கையோடு நின்றால், பத்தில் எட்டு தடவை காரணம் இதுதான்.

தூர வீச வேண்டாம். ரெட் வேகமான நடு ஆற்றைத் தவிர்த்து, கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள், இரண்டு முதல் நான்கு அடி ஆழத்தில் ஏறும். ராட் முனைக்கு வெளியே 15 அடி நரம்பு போதும். ஆற்றைப் பார்த்து நின்றால் நேர் எதிர் 12 மணி, நீர் வரும் பக்கம் 9 மணி. 10 மணித் திசையில் எடுத்துப் போடுங்கள், ராட் முனையால் பின்தொடருங்கள், 2 மணிக்கு வந்ததும் பக்கவாட்டில் சீராக இழுங்கள், மறுபடி 10. அவ்வளவுதான், மணிக்கணக்கில் இதேதான். இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கி நிற்கும் புது ஆட்கள், மீன் போகும் பாதையிலேயே நின்றுகொண்டு அதற்கும் அப்பால் வீசுகிறார்கள்.

மீன் மாட்டியதும் ராடை வானத்துக்குத் தூக்காமல் தாழ்வாகக் கரைப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், பின்னோக்கி நடந்து கரையேறுங்கள். மாட்டியது வாலில் என்று தெரிந்தால் (மீன் பக்கவாட்டில் கிறுக்குத்தனமாக ஓடும்) போராடாதீர்கள். ராடை நேராக மீனை நோக்கி நீட்டி, ரீலைப் பிடித்து, நரம்பை அறுத்துவிடுங்கள். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கழன்ற ஈயக்குண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி திரும்பி வரும். இந்த ஆற்றில் கரடியைவிட அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தான். கண்ணாடி இல்லாமல் கரையில் நிற்கவே கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

கரடி வரும், குறிப்பாக ரஷ்யன் ஆற்றில். பிடித்த மீனும் சாப்பாட்டுப் பையும் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, லக்கேஜிலும் கூடாது, ஆங்கரேஜில் வாங்கிக்கொள்ளுங்கள். மீன் மாட்டியிருக்கும்போது கரடி தண்ணீரில் இறங்கினால் நரம்பை வெட்டுங்கள். மீன் துள்ளும் சத்தத்துக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று அது பழகிவிட்டால், அடுத்து நிற்பவருக்கு ஆபத்து.

கரையில் புல் மண்டிய இடங்களில் ‘மூடப்பட்டது’ என்ற பலகை பார்ப்பீர்கள். நீரை நோக்கித் தொங்கும் அந்தப் புல்லுக்கு அடியில்தான் குஞ்சு சால்மன்கள் ஒதுங்கும். ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் மிதித்துக் கரை சரிந்ததால்தான் இரும்புக் கம்பி நடைபாதைகள் போட்டு, படிக்கட்டு வழியாக ஆற்றில் இறங்க வைத்திருக்கிறார்கள்.

உடை: பருத்தி வேண்டாம். பனிப்பாறை நீர், ஜூலையிலும் எலும்பைத் தொடும். வேடருக்குள் (தண்ணீர் புகாத நீள் கால்சட்டை) கம்பளிக் காலுறை, இடுப்பில் பெல்ட் இறுக்கமாக. விழுந்தால் தண்ணீர் உள்ளே புகாமல் காப்பது அந்த பெல்ட்தான். கொசு வலைத் தொப்பி ஒன்று.

பிடித்ததும் தலையில் ஓர் அடி, செவுளை அறுத்து, கயிற்றில் கோர்த்து ஓடும் நீரில் பத்து நிமிடம். ரத்தம் வடிக்காத ரெட் இரண்டு நாளில் வாடை அடிக்கும். உடம்பு பச்சை கலந்த சிவப்பாக மாறிய மீனை எடுக்காதீர்கள், சதை வெளுத்துச் சொதசொதவென்று இருக்கும். வெள்ளியாக மினுங்கி, வால் அருகே கடல் பேன் ஒட்டியிருந்தால் அப்போதுதான் கடலிலிருந்து வந்த மீன்.

துண்டு போட்ட கணக்கு: ஆறு பவுண்டு மீனில் தோலோடு மூன்று, மூன்றேகால் பவுண்டு தேறும். மூன்று பேர், மூன்று நாள், தினம் ஆளுக்கு மூன்று என்றால் 27 மீன், 80 பவுண்டுக்கு மேல். விமான லக்கேஜ் வரம்பு பெட்டிக்கு 50 பவுண்டு என்பதால் இரண்டு மெழுகு பூசிய அட்டைப் பெட்டிகள். சோல்டாட்னாவில் வெற்றிடப் பையில் அடைத்து உறையவைத்துத் தரும் கடைகள் உண்டு, ஆனால் ஓரிரு நாள் எடுக்கும். கடைசி நாள் காலை பிடித்த மீனை மாலை விமானத்துக்கு உறையவைத்துக் கேட்காதீர்கள். கல்லாக உறைந்த மீனுக்கு ஐஸ் தேவையில்லை. பெட்டியை நெருக்கமாக அடைத்து, இடைவெளியில் துணியைத் திணித்து, சுற்றிலும் டேப் ஒட்டினால் ஒரு நாள் பயணம் தாங்கும். பச்சையாகச் சாப்பிட நினைப்பவர்கள் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் வைத்த பிறகே தொடுங்கள், ரெட்டில் புழு சகஜம். குழம்புக்கு என்றால் புளி நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்தபின் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு அடுப்பை அணையுங்கள். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் நேரம் கொடுத்தால் ரெட் உலர்ந்து நார் நாராகிவிடும்.