எடிட் மேசையில் தெரியவரும் களத்துத் தவறுகள்

ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஓடும் செய்தித் தொகுப்பு என்றால் ரிப்போர்ட்டரின் குரல், இரண்டோ மூன்றோ பைட் (பேட்டியிலிருந்து எடுக்கும் பேச்சுத் துண்டு), ஒரு பி.டி.சி. (ரிப்போர்ட்டர் கேமராவைப் பார்த்துப் பேசும் பகுதி), நடுவே விஷுவல்ஸ் (குரலோடு ஓடும் காட்சிகள்). பார்க்கச் சின்ன வேலையாகத் தெரியும். முதல்முறை செய்யும் மாணவருக்கு இரண்டு மூன்று நாள் பிடித்துவிடும். அதில் பெரும்பகுதி எடிட்டில், களத்தில் எடுக்காமல் விட்ட ஷாட்டைத் தேடுவதிலேயே கரையும். எடிட்டைக் களத்திலேயே மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தால் பாதி நாள் மிச்சம்.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். கல்லூரி வாசலில் உள்ள சைக்கிள் பஞ்சர் கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘சிறு வியாபாரிகளின் துயரம்’ என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினால் என்ன எடுப்பது என்றே தெரியாது. ‘நோட்டீஸ் வந்த கடைக்காரர் என்ன செய்யப்போகிறார், அவரை நம்பியிருக்கும் மாணவர்கள் எங்கே போவார்கள்?’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் யாரிடம் பேச வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். கடைக்காரர், ஒரு மாணவர், நோட்டீஸ் கொடுத்த தரப்பு என மூன்று பைட் வேண்டும். மூன்றாவது ஆளிடம் நேரம் வாங்கிவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். பெரும்பாலான மாணவர் தொகுப்புகள் அவர் கிடைக்காமல்தான் ஒருதலையாகப் போகின்றன.

முந்தின நாள் இரவே பேட்டரிகளைச் சார்ஜில் போட்டு, பழைய ஃபுட்டேஜை (எடுத்து வைத்த வீடியோவை) இரண்டு இடத்தில் காப்பி எடுத்தபின் கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிடுங்கள். நொடிக்கு 50 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22 ஜி.பி. ஆகும். ஆக, இரண்டு நிமிடத் தொகுப்புக்கு 64 ஜி.பி. கார்டு தாராளம். நிறைய எடுப்பதால் நன்மையும் இல்லை. இருபது, இருபத்தைந்து நிமிட ஃபுட்டேஜ் போதும். ஒன்றரை மணி நேரம் எடுத்துவந்தவர் அதைப் பார்த்து முடிக்கவே ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும்.

செட்டிங்கில் மூன்றைக் கையால் பூட்ட வேண்டும். முதலாவது ஷட்டர். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 30 ஃபிரேம், 1/60. இதை மாற்றினால் குழல் விளக்கு உள்ள அறையில் படத்தின் குறுக்கே பட்டை ஓடும், எடிட்டில் அது லேசில் போகாது. வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுக்கும். அப்போது ஷட்டரைக் கூட்டாமல், லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைப் போடுங்கள். இரண்டாவது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. ஆட்டோவில் விட்டால் ஒரே பைட்டுக்குள் முகம் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நகரும். வெயிலுக்கு 5600 கெல்வின், பழைய மஞ்சள் பல்புக்கு 3200. இரண்டும் கலந்த இடத்தில், ஆள் உட்காரும் இடத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்து அதை வைத்து ஒயிட் பேலன்ஸை அமைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஃபோகஸ். பைட்டின்போது ஆட்டோ ஃபோகஸ் பின்னால் போகும் பஸ்ஸைத் துரத்தும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

மொபைலில் எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெரும்பாலான மொபைல்கள் ஃபிரேம் எண்ணிக்கையை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. அந்த ஃபைலை நேரடியாக எடிட் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் பைட் போகப்போக உதடும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃபிரேமுக்கு மாற்றிய பிறகே எடிட்டைத் தொடங்குங்கள்.

இனி ஒலி. படம் கொஞ்சம் ஆடினாலும் செய்தி போய்ச் சேரும். குரல் கேட்கவில்லை என்றால் அத்தோடு முடிந்தது. லேப்பல் மைக்கை (சட்டையில் குத்தும் சின்ன மைக்கை) முகவாய்க்கட்டைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, துணி உரசாத இடத்தில் குத்துங்கள். தாடி, சங்கிலி, துப்பட்டா மூன்றும் எதிரிகள். பேச்சின் உச்சம் மீட்டரில் -12 டெசிபல் பக்கம் நிற்க வேண்டும், ஆள் திடீரென்று உணர்ச்சிவசப்பட்டாலும் -6-ஐத் தாண்டக்கூடாது. பூஜ்யத்தைத் தொட்டுக் கரகரத்த ஒலியை எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது. கேமராவில் இரண்டு சேனல் இருந்தால் அதே மைக்கை இரண்டாவது சேனலில் 10 டெசிபல் குறைத்துப் பதிவு செய்து வையுங்கள், ஒன்று உடைந்தால் மற்றது கைகொடுக்கும். ஹெட்போன் போடாமல் பைட் எடுக்கவே கூடாது. மீட்டர் அழகாக ஆடும், மைக்கோ கேமராவின் உள் மைக்காக இருக்கும். ஹெட்போனில் மட்டும்தான் அது தெரியும். எதிரே இருப்பவரின் பையில் உள்ள மொபைலும் மைக்கில் கரகரப்பைக் கிளப்பும், ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள்.

பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை முப்பது நொடி பதிவு செய்யுங்கள். பலர் கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள். பைட்டில் ஒரு சொல்லை வெட்டினால் அங்கே விழும் வெறுமையை நிரப்ப இந்த முப்பது நொடிதான் உதவும்.

பைட் எடுக்கும்போது முதலில் பெயரையும் பொறுப்பையும் கேமராவில் சொல்லச் சொல்லுங்கள். திரையின் கீழே ஆஸ்டன் (பெயர்ப் பட்டை) போடும்போது எழுத்துப்பிழை வராது. ‘நோட்டீஸ் வந்ததா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘நோட்டீஸ் கையில் கொடுத்தபோது என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்றால் கதை வரும். அவர் பேசும்போது ‘ம்ம்’, ‘சரிங்க’ என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் அவர் குரலின்மேல் பதிந்துவிடும். தலையை மட்டும் ஆட்டப் பழகிக்கொள்ளுங்கள். அவர் முடித்த பிறகும் மூன்று நொடி பேசாமல் இருங்கள். நல்ல வரி பலமுறை அந்த மௌனத்தில்தான் வருகிறது.

விஷுவல்ஸ் எடுப்பதில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கேமராவை இடமிருந்து வலமாகத் துடைப்பம் மாதிரி வீசிக்கொண்டு போனால் எடிட்டில் வெட்ட ஓர் இடம்கூடக் கிடைக்காது. கேமரா அசையாமல் நிற்கட்டும், ஃபிரேமுக்குள் இருப்பது அசையட்டும். ஒவ்வொரு ஷாட்டையும் மனதுக்குள் பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள்.

பஞ்சர் கடையையே எடுத்துக்கொள்வோம். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார், ஓர் இடத்தில் குமிழி கிளம்புகிறது. அந்தக் கையும் குமிழியும் முதல் ஷாட், மிக நெருக்கத்தில். அதை உற்றுப் பார்க்கும் முகம் இரண்டாவது. கடை முழுதும், பின்னால் கல்லூரி வாசலோடு, மூன்றாவது. அவர் தோளுக்கு மேலிருந்து தொட்டியைப் பார்ப்பது நான்காவது. ஐந்தாவது கொஞ்சம் வித்தியாசமான கோணம், சக்கரக் கம்பிகளின் ஊடாகவோ தரையோடு தரையாகவோ. ஐந்தும் ஒரே வேலையைக் காட்டுவதால் எந்த வரிசையில் அடுக்கினாலும் ஒட்டிக்கொள்ளும். அவர் அடுத்த டியூபை எடுக்கும்வரை காத்திருந்தால் தவறவிட்டதை மறுபடி எடுக்கலாம். ஆனால் ‘இன்னொரு தடவை செய்து காட்டுங்க’ என்று நடிக்கச் சொல்லாதீர்கள். செய்தியில் அது பொய். காற்றடிக்கும் பம்ப்பின் சத்தத்தைத் தனியாக, மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பே அந்தச் சத்தத்தோடு தொடங்கக்கூடும்.

அறைக்குத் திரும்பியதும் ஃபுட்டேஜை இரண்டு டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, பைட்டுகளை டைம்கோடோடு (எந்த நிமிடம், எந்த நொடி என்ற குறிப்போடு) எழுதி எடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஸ்கிரிப்ட் பாதி அங்கேயே அமைந்துவிடும். ஒரு பைட்டுக்குப் பத்து முதல் பதினைந்து நொடி. தகவலை நம் குரலில் சொல்லிவிடலாம், உணர்வையும் கருத்தையும் அவர் வாயிலிருந்தே வரவிடுங்கள். தாளை நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் ஷாட், வலப்பக்கம் வார்த்தை என்று எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கும் வரிக்குப் படமில்லை என்று அர்த்தம், அந்த வரியை மாற்றுங்கள். நொடிக்கு மூன்று சொல் என்ற கணக்கு ஆங்கிலத்துக்கு உரியது. ‘அகற்றப்படவிருக்கிறது’ என்று ஒரே சொல்லாக நீளும் தமிழுக்கு அது பொருந்தாது. வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ‘அகற்றப்படவிருக்கிறது’ என்பதைவிட ‘கடையை எடுக்கப் போகிறார்கள்’ காதுக்கு எளிது. யார் எடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வைக்கும்.

எடிட்டில் முதலில் குரலையும் பைட்டையும் மட்டும் அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கேட்டாலே கதை புரிய வேண்டும். அதன்பிறகுதான் படம். ஷாட் ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நொடி. பைட்டை நடுவில் வெட்டிய இடத்தில் முகம் குதிக்கும், அங்கே அவர் கையின் நெருக்கமான ஷாட்டைப் போர்த்துங்கள். அடுத்த பைட்டின் குரலை அரை நொடி முன்னதாகவே நுழைய விட்டால் வெட்டு தெரியாது. குரலுக்கு அடியில் கடையின் இயல்புச் சத்தம் மெல்ல ஓடட்டும், குரலைவிடக் குறைந்தது 15 டெசிபல் கீழே. ஒலி வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு ஃபிரேம் ஃபேட் போடாவிட்டால் ‘டிக்’ என்று கேட்கும்.

தமிழில் ஆஸ்டன் போடும்போது ‘கொ’, ‘கை’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நின்றால் ஃபான்ட்டைக் குறை சொல்லாதீர்கள். பிரீமியர் எடிட் மென்பொருளில் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை மாற்றிவிட்டு, புதிதாகத் தட்டச்சு செய்து பாருங்கள். எழுத்து எந்தப் பக்கமும் ஓரத்திலிருந்து 5 சதவீதமாவது உள்ளே இருக்க வேண்டும்.

வெளியீட்டுக்கு 1920க்கு 1080, எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), எடுத்த அதே ஃபிரேம் எண்ணிக்கை, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். தொலைக்காட்சிக்கு என்றால் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 அளவுகோல்படி ஒலியின் சராசரி உரப்பு -23 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு). யூடியூபுக்கு -14 பக்கம். பிறகு அந்த ஃபைலை எடிட் அறையின் நல்ல ஸ்பீக்கரில் பார்க்காமல், மொபைலின் சின்ன ஸ்பீக்கரில், இந்தச் செய்தியில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் சத்தத்தில் குரல் மூழ்குகிறதா, கடைக்காரரின் பெயர் அவர் கேமராவில் சொன்னபடி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.